திருகோணமலை நகருக்குள் இருக்கும் சின்ன விடுதிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருகோணமலைச் சுற்றுலா என்றாலே நிலாவெளி, உப்புவெளி, புறாமலை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். கடலில் குளிக்க வரும் இளம் பிள்ளைகளுக்கு அது சரி. கோணேசர் கோயிலுக்கென்று வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் எங்களைப் போன்ற குடும்பங்கள் எங்கே தங்குவது? நிலாவெளியில் தங்கினால் காலைப் பூசைக்கு 16 கிலோமீற்றர் அளவு ஆட்டோ பிடித்து வரவேண்டும், போகவர அந்தக் காசே அறை வாடகையில் பாதிக்கு வந்துவிடும்.

போன ஆடி அமாவாசையை ஒட்டி அப்பாவின் பிதிர்க்கடனுக்காக அம்மாவுடன் வவுனியாவிலிருந்து வந்தேன். பஸ் நிலையத்தில் ஏறிய ஆட்டோக்காரரிடம் தெரிந்தவர்கள் சொல்லிவிட்ட விடுதியின் பெயரைச் சொன்னதும், "அது பூட்டியாச்சு அண்ணை" என்று வேறொரு இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். பிரதான வீதியைப் பார்த்த அறை, இரவு முழுக்க பஸ் ஹோர்ன் சத்தம், கீழே ஜெனரேட்டர் இரைச்சல், வாடகையும் கூட. அம்மா கண்ணே மூடவில்லை. அடுத்த நாள் விசாரித்தால் நாங்கள் தேடிவந்த விடுதி நன்றாகத் திறந்துதான் இருக்கிறது! ஆள் கொண்டுவந்து விட்டால் சில இடங்களில் கொமிஷன் கொடுக்கிறார்களாம். எல்லா ஆட்டோக்காரரும் அப்படியில்லை, திரும்பிப் போகும்போது வந்தவர் அம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்ட நல்ல மனிதர்.

நாங்கள் தேடிவந்து, பிறகு மாறிப்போன அந்த விடுதி டச்சுக் குடாக் கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. சாதாரண மாடி வீடுதான். கட்டில், நுளம்பு வலை, மின்விசிறி, குளியலறையில் ஒரு பெரிய வாளி, அவ்வளவுதான் அறை, ஏசி கிடையாது. ஆனால் படுக்கை விரிப்பில் வெயிலில் காய்ந்த வாசம் இருந்தது. வாசலில் கடல் மண் கால் கழுவ ஒரு தண்ணீர்க் குழாய், பக்கத்திலேயே துடைக்க ஒரு சாக்கு. வீட்டுக்கார அக்கா இரவில் சுடுதண்ணீர்ப் போத்தலை அறை வாசலில் வைத்துவிட்டு, "அம்மாவுக்கு மருந்து குடிக்கத் தேவைப்படும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார், நாங்கள் கேட்கவே இல்லை. காலையில் இடியப்பம், சொதி, சம்பல். சந்தையும் பஸ்ஸும் சனமுமாக அவ்வளவு இரைச்சலான நகரத்துக்கு நடுவில் இருந்துகொண்டு, படுத்தால் கடல் இரைவது மட்டும்தான் கேட்டது. விடியப்புறம் எழும்பி, கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசலால் மெல்ல மெல்ல ஏறி, அம்மா தன் காலாலேயே நடந்து கோயிலுக்கு வந்தார், அவருக்கு அதில் இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. (வழியில் புள்ளிமான்கள் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. அதையும் யாராவது கவனிக்க வேண்டும்.)

இப்படிப்பட்ட விடுதிகள் நகருக்குள் இன்னும் இருக்கின்றன. விளம்பரத்துக்குக் காசில்லை, இணையத்தில் அறை பதிவுசெய்யும் தளங்களுக்குப் பங்கு கொடுத்தால் கையில் மிஞ்சுவதும் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை ஓரளவுக்கு ஓடும், வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் அறைகள் வெறுமையாகக் கிடக்கும், அந்த மாதங்களிலும் கரண்ட் பில்லும் வேலையாள் சம்பளமும் கட்டத்தான் வேண்டும். இப்படியே விட்டால் ஒவ்வொன்றாக விற்றுவிட்டுப் போவார்கள், அந்த இடத்தில் வரும் பெரிய கட்டடத்தில் எங்களால் ஒரு இரவு தங்க முடியாது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. விருந்தினர் விடுதிகளையும் வீட்டுத் தங்குமிடங்களையும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பதிவு செய்கிறது, ஆகவே பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது. அதை விலாசம், தொலைபேசி இலக்கம், அறை வாடகையோடு பஸ் நிலையத்திலும் புகையிரத நிலையத்திலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய பலகையில் எழுதி வைக்கலாமே. இரவு ரயிலில் வந்து விடியப்புறம் இறங்கும் சனம் யாரோ சொல்வதை நம்பி அலையத் தேவையில்லை. நகர நிர்வாகம் மனம் வைத்தால் அடுத்த சிவராத்திரிக்கு முன்னமே செய்துவிடலாம். உங்கள் பத்திரிகையும் அடுத்த முறை திருமலையைப் பற்றி எழுதும்போது இந்த ஒழுங்கைகளுக்குள் ஒரு நிருபரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வவுனியா வாசகர் ஒருவர்