பிக்கப்பைக் கழற்றுவதற்கு முன்னால்: மதுரை கிட்டார் ரிப்பேர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கிட்டார் ரிப்பேர் பார்க்கும் அண்ணன்மாருக்கு வணக்கம்.

நான் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், சர்ச் விழா என்று வருஷம் முழுக்க ஓடும் எங்கள் கிட்டார்கள் கடைசியில் உங்கள் கைக்குத்தான் வருகின்றன. கச்சேரிக்குக் கிளம்பும் நேரத்தில் ஜாக் லூஸாகிவிட்டது என்று வந்து நின்றால், சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு சால்டர் வைத்துக் கொடுத்த அண்ணன்கள் உங்களில் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

"டோன் காதைக் குத்துதுண்ணே, கொஞ்சம் வார்மா வேணும்" என்று ஒரு பையன் கேட்டால், தயவுசெய்து எடுத்த எடுப்பில் புது பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும், மேக்னெட்டும் காயிலும் வைத்த சாமான்) நீட்டாதீர்கள். அவன் கிட்டாரில் இருக்கிற ஹம்பக்கரே (இரண்டு காயில் வைத்த பிக்கப்) பெரும்பாலும் போதும். பார்க்க வேண்டியது அதைச் சுற்றி இருக்கிற சின்னச் சின்ன சாமான்களைத்தான்.

எங்கள் குழுவில் வாசிக்கும் உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி இதே கேள்வியோடு ஒரு கடைக்குப் போனான். பிரிட்ஜ் பிக்கப்பை (கம்பி முடிகிற பக்கம் இருப்பது) கழற்றிவிட்டு, செராமிக் மேக்னெட் வைத்த ஹை அவுட்புட் பிக்கப் ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். சத்தம் கூடியது, குத்தலும் கூடவே கூடியது. அடுத்த கச்சேரியில் சவுண்ட் சர்வீஸ்காரர் வேறு வழியில்லாமல் மிக்ஸரில் ட்ரெபிளை இறக்க, கீபோர்டுக்கு அடியில் கிட்டார் காணாமலே போனது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாட்டை நம்பித்தான் நம் பக்கம் பாதிக் கச்சேரி நடக்கிறது. அந்தப் பாட்டில் கிட்டார் கேட்கவில்லை என்றால் மேடையில் எதற்கு நிற்பது? சரி, பழைய பிக்கப்பையாவது வாங்கி மாட்டலாம் என்று போனால், அது எங்கே போனதென்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. அவன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கிட்டார் அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் அவனிடம் "எதில் போட்டு வாசிக்கிறே?" என்று கேளுங்கள். நம் ஆட்களில் பலர் ஆம்ப் கொண்டுபோவதில்லை, பிராசஸரிலிருந்து (எஃபெக்ட் பெட்டி) நேராக மிக்ஸருக்குப் போகிறோம். கிட்டார் ஆம்பில் இருக்கிற ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பேசாது. மேடை ஸ்பீக்கரோ ட்வீட்டர் வழியாக அத்தனையையும் கொட்டிவிடும். பிராசஸரில் கேபினெட் சிமுலேஷன் (ஆம்ப் ஸ்பீக்கர் மாதிரி ஒலிக்க வைக்கும் வசதி) ஆஃப் ஆகியிருந்தால் டிஸ்டார்ஷன் குளவிக் கூட்டம் மாதிரி இரையும். அதை ஆன் செய்தாலே சில பேருக்கு வேலை முடிந்துவிடும். உங்களுக்கு ஒரு வருமானம் போகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பையன் ஆயுசுக்கும் உங்கள் கடையை விட்டுப் போகமாட்டான்.

அடுத்தது பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால், கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே நெக் (கழுத்து) பக்க பிக்கப்பில் சுமார் 2.4 மி.மீ., பிரிட்ஜ் பக்க பிக்கப்பில் சுமார் 1.6 மி.மீ. இருப்பது வழக்கமான செட்டிங். எங்களிடம் இருக்கிற பல கிட்டார்களில் சத்தம் வேண்டுமென்று யாரோ பிக்கப்பைக் கம்பியில் இடிக்கிற மாதிரி ஏற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே மேக்னெட் கம்பியைப் பிடித்து இழுக்கும். ஸ்வரம் நடுங்கும், அடி முரட்டுத்தனமாக விழும். இரண்டு பக்க ஸ்க்ரூவையும் தளர்த்திக் கொஞ்சம் இறக்குங்கள். அப்புறம், எந்தக் கம்பி அமுங்கிப் போகிறதோ அதற்கு நேரான போல் ஸ்க்ரூவை (பிக்கப்பின் மேலே தெரியும் திருகு) மட்டும் அரைச் சுற்று ஏற்றுங்கள். குறைந்த சத்தத்தை ஆம்பில் கூட்டிக்கொள்ளலாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் பின்பக்க மூடியைத் திறக்கலாம். பிக்கப் காயிலும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி தூக்கலாகத் தெரியும் ஒரு மேட்டை உண்டாக்குகின்றன. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அங்கேதான். வால்யூம் பாட் (நாபுக்கு அடியில் இருக்கிற, திருகினால் மாறும் ரெசிஸ்டர்) அந்த மேட்டை அமுக்கிப் பிடிக்கிறது. ஹம்பக்கருக்கு வழக்கமாக வரும் 500 கே (கிலோ ஓம்) பாட் கொஞ்சமாக அமுக்கும், 250 கே நன்றாகவே அமுக்கும். அதற்காகப் பாட்டையே மாற்ற வேண்டியதில்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு 470 கே ரெசிஸ்டர் வாங்கி, வால்யூம் பாட்டின் வெளிக்கால் இரண்டுக்கும் குறுக்கே பற்றவைத்தால் மொத்தம் சுமார் 242 கே ஆகிவிடும். டீக்காசுகூட ஆகாது. பிடிக்கவில்லையா, எடுத்துவிட்டால் பழையபடி.

ஒரே வால்யூம் நாப் இருக்கிற கிட்டாரில் இதைச் செய்தால் இரண்டு பிக்கப்பும் மங்கும். நெக் பிக்கப் ஏற்கெனவே கொழகொழவென்று இருந்தால் அது ஆபத்து. அதனால் ரெசிஸ்டரை பாட்டில் வைக்காமல், செலக்டர் சுவிட்சில் (எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) பிரிட்ஜ் பிக்கப் வந்து சேரும் காலுக்கும் எர்த்துக்கும் நடுவே வையுங்கள். குத்துகிற பிக்கப் மட்டும் அடங்கும். தம்பியின் கிட்டாரில் பிறகு நான் செய்தது இதைத்தான், அந்த ஹை அவுட்புட் பிக்கப்பையே வைத்துக்கொண்டு.

டோன் கெப்பாசிட்டரை (டோன் நாபோடு சேர்ந்து ட்ரெபிளை வடிக்கும் சாமான்) பெரிதாக்கினால் வார்ம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். டோன் நாபை முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறவனுக்கு 0.022 மைக்ரோஃபாரட் என்ன, 0.047 என்ன, ஒரு வித்தியாசமும் தெரியாது. நாபைக் குறைக்கும்போதுதான் அது வேலை செய்யும், அப்போது பெரிய கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். 0.01 அல்லது 0.015 போட்டுக் கொடுத்து, நாபைத் திருகிப் பழகச் சொல்லுங்கள்.

மேக்னெட் மாற்றுவது கடைசி. செராமிக்கையோ அல்னிகோ 5-ஐயோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த ரகம்) எடுத்துவிட்டு அல்னிகோ 2 வைத்தால் அடி மெத்தென்று விழும். அடித்தட்டு ஸ்க்ரூக்களை முழுக்கக் கழற்றாமல் தளர்த்தினாலே மேக்னெட் பக்கவாட்டில் நகர்ந்து வரும். அதற்கு முன்னால் மேக்னெட்டின் எந்தப் பக்கம் போல் ஸ்க்ரூவைப் பார்த்திருக்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டு, திசைகாட்டியை வைத்துத் துருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பி வைத்துவிட்டால், இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் நடு பொசிஷனில் சத்தம் மூக்கால் பேசுகிற மாதிரி ஒல்லியாகிவிடும். தடிமனையும் அளந்து வாங்குங்கள். மலிவு பிக்கப்பில் வரும் செராமிக் கட்டை எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை.

இதைச் சொல்லும்போது செத் லவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிப்சன் கம்பெனிக்காக ஹம்பக்கரை உருவாக்கி 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் அவர். 1959-ல்தான் அது கிடைத்தது. அதற்குள் 1957-லேயே பிக்கப் கிட்டார்களில் ஏறிவிட்டது. இன்றைக்கு உலகமே "வார்ம்" என்று கொண்டாடுகிற அந்த ஆரம்பகால பிக்கப்புகளில் மேக்னெட்கூட ஒரே ரகம் கிடையாது, கைக்குக் கிடைத்த அல்னிகோவைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு காயிலையும் எதிரெதிராக வைத்து அவர் அடக்க நினைத்தது கரண்ட் இரைச்சலை. நம் மேடையில் ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் சீரியல் செட் விளக்கு. அதனால் கேட்காமலே காயில் ஸ்ப்ளிட் சுவிட்ச் (ஒரு காயிலை மட்டும் ஒலிக்கவிடுவது) வைத்துக் கொடுக்காதீர்கள். ஒரு காயிலை வெட்டினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் திரும்பி வரும், டோனும் மெலியும். காயில் அறுந்துபோகாத பிக்கப்பைத் திரும்பச் சுற்றுகிற யோசனையும் வேண்டாம். வழக்கமான 42 கேஜ் காயில் கம்பியின் தடிமன் சுமார் 0.063 மி.மீ., ஒரு காயிலுக்கு ஏறக்குறைய 5000 சுற்று. ஒருமுறை பிரித்துவிட்டால் பழைய டோன் கிடைக்காது.

நான் கேட்பது இரண்டே விஷயம். எதைக் கழற்றினாலும், அது ஒரு ரூபாய் கெப்பாசிட்டராக இருந்தாலும், கவரில் போட்டு கிட்டார்காரன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அது அவன் சொத்து. வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் மல்டிமீட்டரை வைத்து பிக்கப் எத்தனை கிலோ ஓம், பாட் எத்தனை கே என்று பார்த்து பில்லின் பின்னால் எழுதித் தாருங்கள். அந்த வேலைக்குத் தனியாகக் காசு கேளுங்கள், நாங்கள் கொடுக்கிறோம். எங்கள் குழுவில் எல்லோரிடமும் பேசிவிட்டேன். இந்தச் சீசனிலிருந்து அப்படி எழுதிக் கொடுக்கிற கடைக்குத்தான் எங்கள் கிட்டார்கள் வரும்.

அன்புடன்,
மதுரை மெல்லிசைக் குழு கிட்டாரிஸ்ட் ஒருவன்