பீன்யா நிலத்தடி நீர்: அன்னபேதி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது பழைய செய்தி. நிலத்துக்குள்ளேயே ரசாயனம் செலுத்தி அதைச் சரிசெய்யலாம் என்கிறார்கள். செய்யலாம்தான். ஆனால் இதில் ரசாயனம் மலிவு. அதைக் குரோமியம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்கத்தான் காசு போகும்.

முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து இறங்குவது நீரில் கரைந்தோடும் நச்சு வடிவமான குரோமியம்-6. ஃபெரஸ் சல்பேட், அதாவது நாட்டு மருந்துக்கடை அன்னபேதி, அதைக் குரோமியம்-3 ஆக்கிப் படியவைக்கும். கணக்குப்படி 1 கிலோ குரோமியம்-6க்கு 16 கிலோ அன்னபேதி. இதை நம்பி டெண்டர் போட்டால் வேலை பாதியில் நிற்கும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் 1 மில்லிகிராம், 35 மில்லிகிராம் அன்னபேதியைத் தின்றுவிடும். லாரித் தண்ணீரில் கலக்கித் திறந்த தொட்டியில் போட்டுவைத்தால் கரைசல் துருநிறமாகும். அதை உள்ளே விட்டால் குரோமியம் அப்படியே இருக்கும், போர்வெல்தான் அடைத்துக்கொள்ளும். சிறிது கந்தக அமிலம் சேர்த்து, மூடிய தொட்டியில் கரைத்து, உடனே செலுத்த வேண்டும். அமிலம் மிஞ்சினால் படிந்த குரோமியம்-3 திரும்பக் கரையும்.

பெங்களூருக்கு அடியில் நைஸ் என்ற கடினப் பாறை. மணற்படுகையில் பரவுவதுபோல் கரைசல் இங்கே பரவாது. வெடிப்பு போகும் வழியில்தான் போகும். எனவே போர்வெல்லில் பேக்கர் (ஒரு பகுதியை மட்டும் தனியே அடைக்கும் ரப்பர் அடைப்பான்) இறக்கி வெடிப்பு வெடிப்பாகச் சோதித்து, சாயம் விட்டு அது எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்த பிறகே மருந்து. பக்கத்து அடுக்குமாடியில் மோட்டார் ஓடினால் கரைசல் அங்கே இழுபடும்.

கிரீஸ் நீக்கும் கரைப்பான்கள் நிலத்தடியில் கலந்திருந்தால், அவற்றைச் சிதைக்க ஆக்சிஜனேற்றியான பெர்மாங்கனேட் செலுத்துவது வழக்கம். குரோமியம் உள்ள மண்ணில் அதைச் செலுத்தினால் அடங்கிக் கிடக்கும் குரோமியம்-3, மறுபடி 6 ஆகும்.

மாதிரி எடுப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். மற்ற உலோகங்களுக்குப் போல நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் பிடித்தால் குரோமியம்-6 குறைத்துக் காட்டும். அங்கேயே வடிகட்டி, அமிலமில்லாமல் ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவில் மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கவைத்தாலும் போகாது.

பட்டறைத் தரையடி மண்ணை அகற்றாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் குரோமியம் கீழே இறங்கும். ஆகவே இரண்டு மழைக்காலம் கழித்து அளந்து பார்க்கும்வரை ஒப்பந்ததாரருக்கு முழுத் தொகையும் தரக்கூடாது.

இப்படிக்கு,
நிலத்தடி நீர்ப் பொறியாளர்கள் சிலர்,
தாசரஹள்ளி, பெங்களூரு