ஓட்டலுக்குப் போகவில்லை, பாப்பா

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. பினாங்கில் குர்னி டிரைவ் பக்கம் ஏதாவது பெரிய ஓட்டலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாய், நானும் மேசை போட்டு வைக்கச் சொல்லிப் போன் எல்லாம் பண்ணினேன், ஆனால் அவள் முடியவே முடியாது என்றுவிட்டாள். எழுபது வயசுக்கு அப்புறம் தட்டைத் தூக்கிக்கொண்டு புஃபே வரிசையில் நிற்க வேண்டுமா என்று கேட்கிறாள். சரி, அவள் பிறந்தநாள், அவள் சொல்வதுதான் சட்டம் என்று வீட்டிலேயே வாழையிலை போட்டுவிட்டோம். காலையிலேயே சௌரஸ்தா மார்க்கெட்டுக்குப் போய்த் தெங்கிரி மீன் வாங்கிவந்தேன், விலையைச் சொன்னால் நீ யூரோவில் கணக்குப் போட்டு மலிவு என்பாய், அதனால் சொல்லவில்லை. மிச்சப் பணம் அம்மா பீரோவில் இருக்கிறது.

நாலு பேரைத்தான் கூப்பிட்டோம். பக்கத்து வீட்டு அத்தை, ஃபெர்ரிப் படகில் வேலை பார்த்த ஃபெர்ரி மாமா, அவர் மனைவி, அப்புறம் என்னோடு பள்ளிக்கூடத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த மாமா. இவர்கள் எல்லாரையும் முப்பது நாற்பது வருஷமாகத் தெரியும், என்ன சொல்வார்கள் என்று வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிராணி மாமா விஷயத்தில் அது சரிதான், சாப்பாடு முடியும்வரை பென்ஷன் கணக்கைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. மற்றவர்கள் விஷயத்தில் நான் ஒரு மண்ணும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அத்தை சீக்கிரமே வந்து சமையல்கட்டில் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி இடது கையில். ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டுக்கு நாம் குடிவந்த நாளிலிருந்து அந்தக் கையைப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் ஏனோ கேட்கத் தோன்றியது. ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டினீர்களே, இடது கையால் எப்படி வெட்டினீர்கள் என்று. அவர் சிரித்துவிட்டு, “எங்க சார் வெட்ட விட்டாங்க” என்றார்.

கித்தா (ரப்பர்) மரத்தில் வெட்டு எப்போதும் இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சரிந்து இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக மேலே போகாமல் வலது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் பிடிக்கிற மங்கு நிறையும். கத்தியும் அந்த வாக்கில்தான் அடித்திருப்பார்கள். இடது கைக்காரர் நின்றால் உடம்பு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம். ஆழமாகப் போய்விட்டால் மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், அடுத்த சுற்றுக்கு உதவாது. அவர் பதினாறு வயசில் வேலைக்குப் போன முதல் வாரம் கங்காணியான மண்டோர் அவர் கையைப் பார்த்துவிட்டு, காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கத்தினாராம். அன்றைக்கு ராத்திரியே லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த வாழை மரங்களில் வலது கையால் வெட்டிப் பழக ஆரம்பித்திருக்கிறார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், ஒரு மாதம். வாழையில் ஒரே ஆழத்துக்குக் கோடு போட வந்துவிட்டால் கித்தாவில் வந்துவிடும் என்று அவராகவே ஒரு கணக்கு. சாப்பிடுவதையும் பால் வெட்டுவதையும் தவிர எல்லாமே இன்றைக்கும் இடது கைதான். இதைச் சொல்லிக்கொண்டே இலை நரம்பை ஒரே இழுப்பில் சீவிவிட்டார். நான் சார், சார் என்று கூப்பிடப்பட்டே பழகியவன். அந்த அடுப்படியில் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை.

ஃபெர்ரி மாமாவை நீ அறிவாய், சின்ன வயசில் உன்னை மேல்தளத்தில் கம்பியோரம் நிற்க வைத்துக் கடல் காட்டியவர். அவர் சொன்னது 1988 ஜூலை 31. பட்டர்வொர்த் படகுத்துறையில் பயணிகள் நின்ற மேல்தளம் இடிந்து விழுந்த நாள், 32 பேர் செத்தார்கள், ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல் காயம். ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் மெர்த்தாஜாமில் அன்னம்மாள் கோயில் திருவிழா, இந்தப் பக்கம் சீனர்களின் குவான் யின் விழா, எங்கே பார்த்தாலும் கூட்டம். நீ அப்போது மூன்று மாதக் குழந்தை, அதனால்தான் நாங்கள் எங்கும் போகவில்லை. மாமா அன்றைக்கு வேலையில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய ஃபெர்ரி ஜார்ஜ்டவுனிலிருந்து கிளம்பி நடுக்கடலில் இருந்தபோது செய்தி வந்திருக்கிறது, திரும்பு என்று. கீழே நிற்கிற சனத்தில் பாதிப்பேருக்கு அங்கே யாராவது காத்திருப்பார்கள். என்ன சொல்வது? இவர் எஞ்சினில் கோளாறு என்று சொல்லியிருக்கிறார். கேட்கிறவர்களிடம் எல்லாம் எஞ்சின், எஞ்சின். கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு சீனப் பாட்டி, பாவம் உனக்குத்தான் இன்றைக்கு அலைச்சல் என்று படையல் பாவ் பன் ஒன்றை எடுத்து இவர் கையில் வைத்திருக்கிறார். “அந்தப் பாட்டி வீட்டு ஆள் யாரும் அங்க நின்னாங்களான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது” என்றார். அந்தப் பாவ் பன்னை என்ன செய்தீர்கள் என்று அத்தை கேட்டார். சாப்பிட்டுவிட்டாராம், பசித்ததாம். அவர் மனைவிக்கும் இது புதுச் செய்தி. மோர் மிளகாயைக் கடித்தபடியே அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது உன் அம்மாவுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

பாயசம் பரிமாறும்போது ஃபெர்ரி மாமா, அக்கா நீங்க பாயான் லெப்பாஸ் பேக்டரில என்னதான் செஞ்சீங்க என்று கேட்டார். வழக்கம்போல நான்தான் முந்திக்கொண்டேன், சிப்பில் கம்பி ஒட்டினாள் என்று. உனக்கும் அண்ணனுக்கும் அப்படித்தானே சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஒட்டல. தைச்சேன்” என்றாள்.

பாயசத்திலிருந்து ஒரு சேமியாவை விரலால் எடுத்து என் இலையில் வைத்தாள். ஒரு நுனி இங்கே சிப்பின் மேல், இன்னொரு நுனி அங்கே சட்டத்தின் கால் மேல், நடுவில் வளைவு. வளைவு தொய்ந்தால் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடும், இழுத்துக்கட்டினால் சூட்டில் அறுந்துவிடும். கம்பி தங்கம், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனம், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம். 1969இல் பினாங்கு தீவுக்குச் சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற அந்தஸ்து போய், வேலையில்லாமல் ஊரே தவித்தபோது, முதலமைச்சர் லிம் சோங் யூ காலத்தில் 1972இல் அந்தப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையைத் திறந்தார்கள் என்று நான் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளையும் மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி அதற்குள்ளே உட்கார்ந்து தைத்ததை மட்டும் கேட்கவில்லை.

1974இல் கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து, ஜெலுத்தோங்கில் ஒரே அறையில் ஆறு பெண்களோடு தங்கி, நாளுக்கு நாலு வெள்ளி (ரிங்கிட்) சில்லறைக்கு மூன்று ஷிப்டும் மாற்றி மாற்றிப் போயிருக்கிறாள். ஒரு தடவை ராத்திரி ஷிப்டில் ஒரு பெண் மைக்ராஸ்கோப்புக்குள் ஏதோ உருவத்தைப் பார்த்ததாக அலற, லைன் முழுக்க அலறி, மறுநாள் போமோ மந்திரவாதியைக் கூப்பிட்டுக் கோழி அறுத்தார்களாம். அம்மா அலறவில்லையாம். பேய்க்கும் தங்கக் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே தைத்தாளாம். அவள்தான் அப்படி யோசிப்பாள்.

1976இல் கம்பெனிக்காரர்கள் மணிலாவில் ஒரு புது லைன் ஆரம்பித்தபோது, அங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க இங்கிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கழிவு குறைவாக வந்த கைகளைப் பார்த்து. முதல் பெயர் உன் அம்மாவுடையது. பாஸ்போர்ட் கொண்டுவா என்றார்கள். அவளிடம் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. மெர்டேக்கா சுதந்திரத்துக்கு முன்னால் கெடாவில் பிறந்தவள், அப்பா அம்மா இரண்டு பேரும் இந்தியாவில் பிறந்தவர்கள், சுதந்திரம் வந்த சமயத்தில் உன் தாத்தா குடியுரிமைக்கு எழுதிக்கொடுக்கவில்லை, எழுதத் தெரிந்தால்தானே. சிவப்பு ஐசிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. வேறு ஏதோ தாள் வாங்கலாம் என்று சொன்னார்களாம், அதற்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். கம்பெனி நாலாவது பெயருக்குப் போய்விட்டது. போன பெண் திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் ஆனாள், இவளுக்கே சூப்பர்வைசர். நல்ல பெண்தான் என்றாள் அம்மா, எனக்கு ஒரு ஹேண்ட்பேக் வாங்கிவந்தாள் என்றாள். அந்தப் பழுப்புக் கலர் ஹேண்ட்பேக், பாப்பா. நீ பிறந்த சூரா, பிறப்புப் பத்திரமெல்லாம் வைத்திருப்பாளே, அது.

எனக்கு எங்கே வலித்தது தெரியுமா? கல்யாணத்துக்கு அப்புறம் அந்தச் சிவப்பை நீலமாக்கிக் குடியுரிமை வாங்க அவளோடு வரிசையில் நின்றவனே நான்தான். எத்தனை தடவை போனோம், எத்தனை பாரம் நிரப்பினோம். கார்டு கையில் கிடைத்த அன்றைக்கு நாசி கண்டார் வாங்கிக்கொடுத்து, இனிமேல் ஒரு குறையும் இல்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நாற்பத்தைந்து வருஷக் குடித்தனம், ஏன் சொல்லவில்லை என்று ராத்திரி கேட்டேன். “நீங்க கேக்கல. அப்புறம் பெரியவன் பொறந்தான், வேலைய விட்டேன், மறந்துட்டேன்” என்றாள். மறக்கவில்லை. பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே மணிலாவில் மழைக்காலம் எப்போது என்று என்னிடம் கேட்கிறாள்.

நீ டிரெஸ்டனில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு சிப் கம்பெனியில் நிற்கிற படத்தை அவள் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது பாசத்தில் என்றுதான் நினைத்திருந்தேன். உன் முகத்தை அவள் பெரிதாக்கவில்லை, பின்னால் இருக்கிற மெஷினைப் பெரிதாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னிடம் பேசாதே, நேராக அவளிடம் கொடுக்கச் சொல். உன்னிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். தங்கம் விலை ஏறியதால் நிறையப் பேர் செம்புக் கம்பிக்கு மாறிவிட்டார்களாமே, செம்பு தங்கத்தைவிடக் கெட்டி, அழுத்தினால் கீழே இருக்கிற சிப்பு விரிசல் விடாதா, எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று. நான் பதில் சொல்லப் பார்த்தேன். உங்களைக் கேட்கவில்லை என்றுவிட்டாள்.

அப்பா