ஆஃப் பண்ணாலும் மினுங்குற பல்பு

ஆசிரியருக்கு வணக்கம் சார். போன மாசம் எங்க வீட்டு பால்கனில புதுசா ஒரு 9 வாட் எல்இடி பல்பு போட்டோம், சுவிட்ச ஆஃப் பண்ணாலும் ராத்திரி பூரா மின்மினி மாதிரி லேசா எரிஞ்சுகிட்டே இருந்துச்சு. டூப்ளிகேட் பல்புன்னு நெனச்சு ரெண்டு தடவ மாத்தினேன், காசுதான் போச்சு. அப்புறம் பல்ப கழட்டிட்டு, சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்போதே ஹோல்டர்ல டெஸ்டர் வச்சு பாத்தா பளிச்சுன்னு எரியுது! வயரிங் பண்ணவரு, சுவிட்ச் வழியா போக வேண்டிய பேஸ் வயர (கரண்ட் வர்ற வயரு) நேரா ஹோல்டருக்கு குடுத்துட்டு நியூட்ரல (கரண்ட் திரும்பிப் போற வயரு) கொண்டுபோய் சுவிட்ச்ல மாட்டியிருக்காரு. 230 வோல்ட் எந்நேரமும் ஹோல்டர்லயே நிக்குது, ஆஃப்லதானே இருக்குன்னு நம்பி ஈரக்கையோட பல்பு மாத்துனா என்ன ஆகறது? பழைய குண்டு பல்பா இருந்தா இது தெரிஞ்சிருக்கவே செய்யாது, எல்இடிக்கு துளி கரண்ட் கசிஞ்சாலே போதும். (சுவிட்ச்ல குட்டி இண்டிகேட்டர் லைட் இருந்தாலும் இப்படி மினுங்கும், அது வேற கதை.) வேற எலக்ட்ரீஷியன் வந்து மெயின ஆஃப் பண்ணிட்டு பத்தே நிமிஷத்துல ரெண்டு வயரையும் எடம் மாத்திக் குடுத்தாரு. புதுசா லைட் போடுறவங்க கூலி குடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்டர் வச்சு ஒருதடவ காட்டச் சொல்லி கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்