பதுங்கு குழிக்கும் ஒரு விளையாட்டுப் பெட்டி: ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஜம்மு காஷ்மீரில் பூஞ்ச், ரஜௌரி, உரி பக்கத்து எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக் கிராமங்களில், அங்கன்வாடி வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு குறித்து எழுதுகிறோம். 2021 பிப்ரவரியில் இந்திய, பாகிஸ்தான் ராணுவங்கள் சண்டை நிறுத்தத்தை உறுதிசெய்தபின் அந்த ஊர்கள் கொஞ்சம் மூச்சுவிட்டன. ஆனால் 2025 மே மாதம் பூஞ்ச் நகருக்குள்ளேயே குண்டுகள் விழுந்து குழந்தைகள் இறந்தார்கள்.

ஜம்மு எல்லைப் பகுதிக்கு 14,460 பதுங்கு குழிகளுக்கு அரசு ஒப்புதல் தந்தது. வீட்டுக் குழி 160 சதுர அடி, 8 பேருக்கு. பொதுக் குழி 800 சதுர அடி, 40 பேருக்கு. எதில் இருந்தாலும் ஆளுக்கு 20 சதுர அடிதான். இருட்டிலும் ஈரத்திலும் நான்கு வயதுப் பிள்ளை மணிக்கணக்கில் என்ன செய்யும் என்று அந்தத் திட்டத்தில் யாரும் யோசிக்கவில்லை. உயிரைக் காக்கக் கட்டியதைக் குறை சொல்லவில்லை. குழந்தைக்கு அது போதாது என்கிறோம்.

அங்கன்வாடிக்குத் தரும் முன்பருவக் கல்விப் பெட்டியைப்போல, ஒவ்வொரு பொதுக் குழிக்கும் தனிப் பெட்டி ஒன்று வேண்டும். தகரப் பெட்டி துருப்பிடிக்கும், திறந்தால் அலறும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியே சரி. உள்ளே 4 சென்டிமீட்டருக்குக் குறையாத மரக்கட்டைகள் 40 (அதைவிடச் சிறியதைக் கைக்குழந்தை விழுங்கிவிடும்), துணிப்பந்து 3, துணிப்பொம்மை 6, மெழுகு வண்ணக்குச்சி, மின்கல விளக்கு 2. சாக்பீஸ் வேண்டாம், காற்றோட்டம் குறைந்த இடத்தில் தூசி இருமலைக் கிளப்பும். காகிதப் புத்தகம் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும், துணிப் புத்தகம் தாங்கும். பலூன், விசில், தாளத்தட்டு வேண்டவே வேண்டாம். பலூன் வெடித்தால் குழியே அழும்.

குழிக்கு ஓடும் பயிற்சியை அமைதியான நாளில், வாரம் ஒருமுறை, விளையாட்டாகவே நடத்த வேண்டும். சைரன் ஒலிக்கக் கூடாது. போய் உட்கார்ந்து, ஒரு பாட்டு, ஒரு தின்பண்டம், திரும்பி வருதல். குண்டு விழும் நாளில் மட்டுமே குழியைப் பார்க்கும் பிள்ளை அதன் வாசலிலேயே உறைந்து நிற்கும்.

வெளியே ஆடும் இடம்தான் எங்களுக்குப் பெரிய கவலை. அடுக்கிய ஏழு கற்களைப் பந்தால் அடித்துச் சாய்க்கும் ஆட்டத்தை அங்கே பிட்டு என்கிறார்கள். அடுக்கத் தட்டைக் கல் தேடிப் பிள்ளைகள் ஓடைக்கரைக்குப் போகிறார்கள். மழையும் பனிச்சரிவும் மேட்டிலிருந்த கண்ணிவெடியைக் கீழே இழுத்துவரும். போன வருடம் பாதுகாப்பாக இருந்த கரை இந்த வருடம் அப்படி இருக்காது. கில்லி, பந்து எல்லாம் புதருக்குள் பறக்கும், பின்னாலேயே பிள்ளையும் பாயும். எனவே ராணுவப் பொறியாளர்கள் சோதித்த ஒரே ஒரு திடலைக் குறித்து, சுற்றிலும் வலை கட்டி, ஒவ்வொரு பனிக்காலத்துக்குப் பின்னும் மறுபடி சோதிக்க வேண்டும். பிட்டுக்கு மரவட்டுகள் 7 கொடுங்கள், கல் தேடும் வேலையே இருக்காது. வெளியே விழுந்த பந்தை யாரும் எடுக்கப் போகக் கூடாது. கையில் மாற்றுப்பந்து இருந்தால்தான் அந்த விதி நிற்கும்.

பிள்ளைகள் குண்டு போடும் விளையாட்டு ஆடினால் பணியாளர்கள் பதறி அதட்டக் கூடாது. ஆட்டம் மாறிக்கொண்டே வந்தால், ஆம்புலன்ஸ் வந்து, வீடு மறுபடி எழும்பினால், பிள்ளை தன் பயத்தைத் தானே கையாளுகிறது என்று பொருள். ஒரே காட்சி, ஒரே முடிவு, இறுகிய முகம் என்று திரும்பத் திரும்ப வந்தால்தான் கவலைப்பட வேண்டும். "இப்போ உதவிக்கு யார் வருவாங்க?" என்று கேட்டு ஒரு பொம்மையைக் கையில் கொடுக்கலாம். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழிப்பது எல்லாம் சேர்ந்திருந்தால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண் ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் இருக்கட்டும்.

பனி விழுந்து மலைப்பாதைகள் மூடும் முன் பெட்டிகள் ஊர் சேர வேண்டும். அதற்கான ஆணையை இந்த நிதியாண்டிலேயே எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
முன்பருவக் கல்விப் பணியாளர்கள்