ஓரத்தில் எழுதிய 7: பகுதி 1 தமிழ்ப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் தமிழ் இலக்கியம் படித்தவன் அல்ல, பி.எஸ்சி. வேதியியல். உங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் எல்லாத் துறை மாணவர்களுக்கும் மொழிப்பாடமாக வைக்கிற பகுதி 1 தமிழை நான்கு பருவம் படித்துத் தேறியவன் என்பதைத் தவிர உங்களுக்கு எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. "பார்ட் ஒன்னு பாஸானா போதும்ல" என்று சீனியர்கள் முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பதைப் பகுதி 3, அதாவது முதன்மைப் பாட மதிப்பெண்தானே முடிவு செய்கிறது? அதனால் தமிழ் வகுப்பு எங்களுக்கு கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எழுதுகிற நேரமாக இருந்தது.

மூன்றாம் பருவத்தில் எங்களுக்கு ஒரு ஐயா வந்தார். கௌரவ விரிவுரையாளர். அந்த ஒரு பருவம்தான் எடுத்தார். முதல் வாரம் "உங்க வீட்டுல தினமும் நடக்கிற ஒரு வேலையைப் பத்தி ஒன்றரைப் பக்கம் எழுதிட்டு வாங்க" என்றார். நான் அம்மாவைப் பற்றி எழுதினேன். எங்கள் ஊர்ப் பக்கம் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். அம்மாவும் அப்படித்தான். ஆனால் என் கட்டுரையில் பீடி என்ற சொல்லே இல்லை. "இன்றைய காலகட்டத்தில் தாயின் தியாகம் இமயமலையை விட உயர்ந்தது என்றால் அது மிகையாகாது" என்று தொடங்கியது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் அடிக்கோடிட்டுத் தெளிவாக இருந்தன. அம்மாவை 'அன்னையார்' என்று எழுதியிருந்தேன்.

ஐயா தாளைத் திருப்பித் தந்தபோது சிவப்பு மையில் திருத்தமே இல்லை. ஓரத்தில் மூன்று இடத்தில் 7 என்றும் ஒரு இடத்தில் 8 என்றும் போட்டிருந்தார். ஏழு மதிப்பெண்ணாக்கும் என்று நினைத்துவிட்டேன். "பத்துக் குற்றம் படிச்சிருக்கேல்லா, எண்ணிப் பாரு" என்றார். ஒரு நூலில் இருக்கக் கூடாதவை என்று பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் சொன்ன பத்துக் குற்றங்கள்! குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல்... விரல் விட்டு எண்ணினேன். ஏழாவது, வெற்றெனத் தொடுத்தல். பொருளே இல்லாமல் சொற்களைக் கோத்துக்கொண்டு போவது. எட்டாவது மற்றொன்று விரித்தல். இந்தப் பட்டியலை ஐந்து மதிப்பெண் வினாவாக நான் எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறேன். என் கட்டுரையையும் சேர்த்துத்தான் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவரோ பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர்.

"அன்னையார்னு எழுதியிருக்க. வீட்டுல அம்மையை இப்படித்தான் கூப்பிடுவியாடே?" என்று மட்டும் கேட்டார். வகுப்பே சிரித்தது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது வருஷமாகப் பார்த்த வேலையை அன்றுதான் பார்த்தேன். இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறாள். தகர அளவை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டுகிறாள். தூளை இட்டு, சுற்றி, நூலைக் கட்டி, வாயை மடக்குகிறாள். ஒரு கட்டுக்கு 25 பீடி. ஆயிரம் சுற்றினால் 40 கட்டு. கடையில் கொடுத்த இலை மோசமாக இருந்தால் ஆயிரத்துக்கு வராது, கைக்காசு போட்டு வெளியே இலை வாங்க வேண்டும். இதையெல்லாம் நான் கேட்கக் கேட்க, "பரிச்சைக்கா இதெல்லாம் கேக்காங்க?" என்றாள் அம்மா.

கட்டுரையை மறுபடி எழுதினேன். அந்த இரண்டாம் படியில் இதையெல்லாம் கொட்டினேன். நாலு பக்கம் வந்தது. ஓரத்தில் 3 வந்தது, 6 வந்தது, கடைசிப் பத்திக்கு நேரே பெரிதாக 9. சென்று தேய்ந்து இறுதல். உண்மைதான், தொடங்கிய வேகம் மூன்றாம் பக்கத்திலேயே போய்விட்டது. பிறகு எப்படியாவது முடிக்க வேண்டுமே என்று பீடித் தொழிலாளர் நலம் காக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்று ஒரு வரி போட்டு முடித்திருந்தேன்.

ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை அவர் ஒற்றுப்பிழை பற்றி வாயே திறக்கவில்லை. என் தாளில் க், ச், த், ப் எல்லாம் வேண்டாத இடத்தில் இருந்தன, வேண்டிய இடத்தில் இல்லை. "முதல்ல சொல்ல வந்ததைச் சொல்லு. ஒத்து எங்கயும் ஓடிப் போகாது" என்பார். மூன்றாம் படியில்தான் வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்து சந்தி சொல்லிக் கொடுத்தார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து விதியாகப் படித்தும் ஏறாதது அந்த இரண்டு மணி நேரத்தில் ஏறியது. அவை என் வாக்கியங்கள் என்பது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி ஒன்றேகால் பக்கம். "நாங்கள் உட்கார்ந்ததைவிட அம்மாவின் மடியில் பீடித் தட்டு உட்கார்ந்த நேரம்தான் அதிகம்" என்று அதில் ஒரு வரி உண்டு. அப்போது அதைப் பெரிய சாதனையாக நினைத்தேன். இப்போது படித்தால் கொஞ்சம் கைதட்டல் வாங்கப் பார்க்கிற வரியாகத் தெரிகிறது. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பருவத் தேர்வில் பொதுக்கட்டுரையை என் நடையில் எழுதினேன். 75க்கு 41. கைடு வைத்து உட்தலைப்போடு எழுதிய நண்பன் 58. கட்டுரையால்தான் குறைந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டவில்லை. செய்யுள் பகுதியில் சொதப்பியும் இருக்கலாம். ஆனால் நான்காம் பருவத்தில் நானும் கைடுக்கே திரும்பினேன், மதிப்பெண் ஏறியது. ஐயா அப்போது வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் வைத்திருக்கிறீர்கள். அதில் அசைன்மென்ட் என்ற பெயரில் நாங்கள் செய்ததெல்லாம் நூலைப் பார்த்துப் பத்துப் பக்கம் நகலெடுத்து, வண்ண அட்டை போட்டுக் கொடுத்ததுதான். அட்டைக்கு மதிப்பெண் போட்டவர்களும் உண்டு. அந்த 25-இல் 10 மதிப்பெண்ணை ஒரே ஒரு கட்டுரைக்கு ஒதுக்குங்கள். மாணவர் அதை மூன்று முறை எழுத வேண்டும், மூன்று படியையும் சேர்த்துக் கட்டித் தர வேண்டும். மதிப்பெண் மூன்றாம் படியின் அழகுக்கு அல்ல, முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே நடந்ததற்கு. தேர்விலும் 'பத்துக் குற்றங்கள் யாவை' என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரு பத்தியைக் கொடுத்து இதில் எந்தக் குற்றம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கைடு போடுகிறவர்கள் கொஞ்சம் திணறட்டும்.

வகுப்புக்கு 60 பேர், மூன்று படி என்றால் 180 தாள், நாலு பிரிவு எடுக்கிற ஆசிரியர் என்ன ஆவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐயாவிடமே கேட்டிருக்கிறேன். முதல் படியை முழுதாக வாசிப்பதில்லை, எண் போடுவதோடு சரி, ஒரு தாளுக்கு மூன்று நிமிஷம் என்றார். இரண்டாம் படிக்கு எங்களையே மாற்றி மாற்றி எண் போடச் சொன்னார். என் தாளில் அந்தப் பெரிய 9-ஐப் போட்டது என் பெஞ்சுக்காரன்தான், ஐயா இல்லை. இருந்தாலும் வேலை கூடத்தான் செய்யும். கௌரவ விரிவுரையாளர்களின் தலையில் இன்னொரு சுமை ஏற்றச் சொல்கிறேனே என்ற உறுத்தல் எனக்கும் இருக்கிறது. அவர்களுக்குப் பிரிவுகளைக் குறைக்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

நான் இப்போது ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான். இருந்தாலும் அனுப்பும் முன் ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் 6 வருகிறது, மயங்க வைத்தல்.

அந்த மூன்று படிகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் நகலெடுத்து அனுப்புகிறேன். பிழைகளைத் திருத்தாமல், அந்த அன்னையாரோடு அப்படியே.

இப்படிக்கு,
பகுதி 1 தமிழில் தேறிய ஒரு வேதியியல் மாணவன்