வீடு வரையும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்ததையொட்டித் தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் கட்டடக் கலைஞர் தொழிலைப் பற்றி வெளியான குறிப்பை வாசித்தேன். நன்றாகப் படம் வரையும் பிள்ளைகளுக்கு ஏற்ற தொழில் என்றும், வருமானத்துக்குக் குறைவில்லை என்றும், ஆனால் இரவு பகல் பாராத வேலையாதலால் வீட்டுக்கும் மனிதருக்கும் நேரம் கிடைக்காது என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகப்பனார் தம் மகனுடன் கண்டிக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். "பையன் கணக்கு நல்லாச் செய்வான், படந்தான் சுமாரா வரையிறான். இவனுக்கு இது சரிவருமாங்க?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதாததாகப் பட்டது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையொன்றில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் மீதியை இங்கே எழுதுகிறேன்.

படம் வரைவது இத்தொழிலில் கற்றுக்கொள்ளக்கூடிய பகுதி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்புக்குச் சேர உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியோடு, இத்துறைக்கான இயல்பைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சையும் உண்டென்பதால் பெற்றோர் பயப்படுகிறார்கள்; பயிற்சி செய்தால் தாண்டிவிடலாம். படிப்பு முடிந்த பிறகும் நடைமுறைப் பயிற்சி, தொழில்சார் பரீட்சை என்று சில ஆண்டுகள் போகும். தாமதமாகத் தொடங்குவதும் குற்றமில்லை. இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா முதலில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். கட்டடக் கலைஞராகத் தேறியபோது, 1957 இல், அவருக்கு வயது 38. கற்றுக்கொள்ள மிகக் கடினமானது, வரையத் தொடங்கும் முன் யாரிடம் எதைக் கேட்பது என்பதுதான். அதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்து என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டமொன்றில் இருபது தனிவீடுகளுக்கு வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது வழக்கமாயிருந்த அளவுதான்: 7 பேர்ச்சஸ் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணி, 550 சதுர அடி வீடு. சரிவில் மண்ணை வெட்டித் தட்டு அமைத்து, வீட்டின் பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் இடையில் மூன்றடி இடம் விட்டு, மேட்டிலிருந்து வடியும் தண்ணீர் போவதற்கு அங்கே கான் ஒன்றையும் வரைந்தேன். சமையலறையில் மேசையடுப்புக்குத் திண்ணை, அதன் மேல் ஜன்னல், மூலையில் கழுவுதொட்டி. வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுவருடம் மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தேன். அநேகமாக எல்லா வீட்டுக்கும் பின்னால் தகரம் போட்டுச் சாய்ப்பாகப் பத்தி இறக்கியிருந்தார்கள். அதன் கால்கள் நான் கட்டிய கானுக்குள் நின்றன. உள்ளே மூன்று கல் அடுப்பு, நெஞ்சளவுக்கு அடுக்கிய மிலாறு (தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளை விறகு), மேலே காய வைத்த சாக்கு. சாம்பலும் மண்ணும் சேர்ந்து கான் அடைபட்டு, தண்ணீர் போக வழியில்லாமல் அத்திவாரத்துக்குள் இறங்கி, சமையலறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. ஒரு வீட்டில் மேட்டு மண் சரிந்து பின்கதவைத் திறக்க முடியாமல் கிடந்தது. அந்த வீட்டு அம்மா கோபப்படவில்லை. "கேஸ் விக்கிற வெலைக்கு மிலாறு இல்லாம முடியுமா தம்பி? கவ்வாத்து மிலாறக் காய வைக்க எங்க எடம் விட்டீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போமே," என்றார். என் தாயார் மாலையில் மலையிலிருந்து தலையில் மிலாறுக் கட்டோடு இறங்கி வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொழும்பில் நான் தொழில் பழகிய அலுவலகத்தில் கற்ற சமையலறையை அப்படியே மலையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்படிக் கேட்டு வரையும் வழக்கம் எங்கோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை என்பதை எம் மாணவர்கள் அறிய வேண்டும். கண்டியில் 1918 இல் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, பம்பாயில் படித்துக்கொண்டிருந்தபோது காந்தியின் விடுதலைக்கான ஊர்வலத்தில் கலந்துகொண்டு, மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர். பின்னர் இலண்டனில் படித்து, 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். (மலையகத் தமிழரான எம் மக்களின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான்.) அவருடைய தாயார் அக்னெஸ் டி சில்வாவை மலையகத்தார் நன்றியோடு நினைக்க வேண்டும். இலங்கையின் அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சென்றபோது, தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா என்று வினவப்பட்டதற்கு, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்று பதில் சொன்னவர் அவர்.

மகள் நாடு திரும்பிக் கண்டியில் பெற்றோர் வீட்டிலேயே அலுவலகம் வைத்தார். முதல் வேலையான கருணாரத்ன இல்லத்தைச் சரிவுக்கு ஏற்பப் படிப்படியாக இறக்கிக் கட்டி, தும்பறைப் பகுதியின் பாரம்பரியப் பாய் நெசவையும் அரக்கு வேலையையும் அதற்குள் கொண்டுவந்தார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 1958 இல் வட்டாபுளுவவில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்காக அவர் அமைத்த வீடமைப்புத் திட்டம். இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். வெவ்வேறு இனம், வெவ்வேறு மதம், வெவ்வேறு பழக்கம். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆட்களைத் தேடாமல், முதலில் அந்தக் குடும்பங்களுக்கு வினாத்தாள் கொடுத்து, கூட்டம் வைத்துப் பேசி, விடைகளை வகைப்படுத்தி, அதிலிருந்து சில வீட்டு மாதிரிகளை உருவாக்கினார். கண்டி நகரிலிருந்து சில மைல் தொலைவில் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்த காரியத்தை, தோட்ட வீடமைப்பில் இன்றுவரை நாம் செய்யவில்லை.

ஒரே வரைபடம் எல்லா மலைக்கும் பொருந்தாது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் மழையின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவத்தில் வருகிறது. பசறை, பதுளைப் பக்கத்தில் கனமழை வடகீழ்ப் பருவத்தில், எதிர்த் திசையிலிருந்து அடிக்கிறது. இரண்டு இடத்திலும் வாசல் ஒரே பக்கம் பார்த்தால், ஏதோ ஓரிடத்தில் இஸ்தோப்பு (வாசல் திண்ணை) வருடத்தில் பாதி நாள் நனைந்துதான் கிடக்கும். அடைபட்ட கான் வெறும் ஈரச்சுவரோடு நின்றுவிடும் விடயமும் அல்ல. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய காலைக்குப் பிறகு, சரிவின் அடியில் தேங்கும் தண்ணீரைப் பற்றி மலையகத்தில் யாரும் அலட்சியமாகப் பேசக்கூடாது. இடம் பாதுகாப்பானதா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும்; அந்த இடத்தில் கான் எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பதை அங்கே குடியிருக்கப் போகிறவர்தான் சொல்வார்.

தலைமை என்று தங்கள் குறிப்பில் ஒரு சொல் வந்தது. பெரிய அலுவலகம் நடத்துவதையும் சங்கங்களில் பதவி வகிப்பதையும் அது குறித்தது போலும். நான் கண்டது வேறு. வேலைத்தளத்தில் மேசன் பாஸ் (கொத்தனார்) "இந்த எடத்துல கல்லு உருளும் சேர்" என்று சொன்னால், வரைபடத்தை மடக்கி வைத்துவிட்டு அவரோடு மேட்டில் ஏறிப் பார்ப்பதே தலைமையின் பெரும்பகுதி. இன்னொரு பகுதி, உடன் உழைப்பவருக்கு இடம் கொடுப்பது. பாவாவின் பெயரில் அறியப்படும் 1982 ஆம் ஆண்டின் பாராளுமன்றக் கட்டடத்தைச் சொல்லும்போது, அவருடைய பங்காளராக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரத்தின் பெயரை நம்மவர்களே மறந்துவிடுகிறோம். பாவாவின் அலுவலகத்திலிருந்து அடுத்த தலைமுறை வளர்ந்தது. மினெட்டின் அலுவலகம் அவரோடு முடிந்தது. அதை அவர் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் என்பதாலேயே அவரைச் சந்தேகித்த காலம் அது. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் தங்கப்பதக்கம் 1996 இல்தான் வந்தது. இரண்டே ஆண்டில் அவர் காலமானார். அவர் கட்டிய பல கட்டடங்கள் இன்று இல்லை, அல்லது உருமாறிவிட்டன.

வேலைக்கு வெளியே வாழ்க்கை இருக்காது என்ற கூற்றையும் நான் முழுதாக ஏற்கவில்லை. ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது தூக்கம் போவது உண்மை. என் மகளின் பள்ளி விழாக்கள் இரண்டைத் தவறவிட்டதும் உண்மை, அவள் அதை இன்னும் சொல்லிக் காட்டுவாள். ஆனாலும் பாவா 1948 இல் வாங்கிய லுணுகங்கைத் தோட்டத்தைச் சாகும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டியும் நட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய ஓய்வு எது, வேலை எது என்று பிரிக்க முடியாது. எனக்கு அப்படிப்பட்ட காணி இல்லை. எனக்கு, மன்மதன் ரதி கதையைத் தோட்டங்களில் ஆடும் மாசி மாதத்துக் காமன் கூத்து இருக்கிறது. சிறுவயதில் ரதி வேடம் கட்டியவன். இப்போது தப்பு மேளச் சத்தம் கேட்டால் போய் நிற்பதோடு சரி. ஆட்டக்காரர் சமதரையில் ஆட, ஊர் முழுவதும் சரிவில் உட்கார்ந்து பார்க்கும்; பின்னால் இருக்கும் கிழவிக்கும் ரதியின் முகம் தெரியும். அந்தப் பொட்டலில் உட்கார்ந்திருந்த ஓர் இரவில்தான், புதிய வீட்டுத் திட்டங்களில் ஊர் கூட ஓர் இடம்கூட நாம் விடுவதில்லை என்பது எனக்குத் தோன்றியது.

ஆகவே தங்கள் வாயிலாக ஒரு கோரிக்கை. மலையகத்தில் அடுத்து வரும் எந்த வீட்டுத் திட்டத்துக்கும், வரைபடம் உறுதியாகும் முன்னர், குடியிருக்கப் போகும் குடும்பங்களுக்குத் தமிழில் வினாத்தாள் கொடுத்து விடை வாங்கப்பட வேண்டும். அதற்குக் கட்டடக் கலைஞர் நிறுவகம் தன் இளம் உறுப்பினர்களைக் கட்டணமின்றிச் சில வாரங்கள் அனுப்பலாம். நான் இப்போது பயன்படுத்தும் வினாத்தாளில் பதினான்கு கேள்விகள் இருக்கின்றன. விறகு எங்கே காயும், மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்ற இரண்டும் அந்த அம்மாவின் பின்கட்டில் நின்றபோது கிடைத்தவை. கேட்கும் வீடமைப்புச் சங்கங்களுக்கு அதைத் தங்கள் அலுவலகம் மூலம் அனுப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

டிக்கோயாப் பையனிடம் அதில் ஒரு கட்டைக் கொடுத்து, தன் லயத்தின் பன்னிரண்டு காம்பராக்களிலும் கேட்டு எழுதிவரச் சொன்னேன். சென்ற சனிக்கிழமை கொண்டுவந்தான். பெண்கள் பெரும்பாலும் அடுப்படியைப் பற்றியே சொல்லியிருந்தார்கள். ஒரு தாத்தா மட்டும் இஸ்தோப்பில் கட்டில் போட இடம் வேண்டும் என்று மூன்று இடத்தில் சொல்லி எழுதவைத்திருக்கிறார். நான் கேட்காத ஒன்றையும் பையன் செய்திருந்தான்: ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் அந்தக் காம்பராவைக் கோணல்மாணலாக வரைந்து, மழை வரும் பக்கத்தை அம்புக்குறியால் காட்டியிருந்தான். பன்னிரண்டு அம்புகளும் தென்மேற்கிலிருந்தே வந்தன.

இப்படிக்கு,
கட்டடக் கலைஞர் ஒருவர்,
கண்டி.